பல்ஸ் அடங்கிவிட்டது, பிளட் தின்னர் இன்னும் எதற்கு?

அம்பத்தூர் வாசகர் கேட்டது, 2025 மே 6

எனக்கு 62 வயது. பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. பிப்ரவரியில் திடீரென்று படபடப்பு வந்து ஈசிஜி எடுத்ததில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். மெட்டோபுரோலால் 50, அபிக்ஸபான் 5 காலையும் இரவும். இப்போது பல்ஸ் 70க்கு வந்துவிட்டது, படபடப்பே இல்லை. ஆனால் எந்நேரமும் அசதி, மாடி ஏறினால் கால் கனக்கிறது. நோயைவிட மருந்துதான் தொல்லை என்பது என் கட்சி. பல்ஸ் சரியானவர்கள் பிளட் தின்னரை நிறுத்திவிடலாம்தானே? மருந்துச் செலவில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. நிறுத்திப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லவும்.

2025 மே 6, இரவு

நிறுத்தியவர்களைக் கூப்பிடுகிறீர்கள், நிறுத்தாதவள் வந்திருக்கிறேன். மேற்கு மாம்பலம், 67 வயது, பிரஷர் உண்டு, சுகர் இல்லை. இதே ஃபிப்ரிலேஷனோடு சில வருஷமாகக் குடித்தனம். நீங்கள் போடும் அதே இரண்டு மாத்திரைதான் எனக்கும்.

உங்கள் கேள்வியில் இரண்டு மாத்திரையும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். தெரு முழுக்கத் தலை. கடை வாசலில் ஒரு வாட்ச்மேன், நாலு பேர், ரெண்டு பேர், ஏழு பேர் என்று தோன்றினபடி உள்ளே விடுகிறான். இதயத்தின் மேலறைதான் தெரு. ஃபிப்ரிலேஷன் வந்தால் அங்கே நிமிஷத்துக்கு 350இலிருந்து 600 வரை மின்துடிப்புகள் முட்டிமோதும். வாட்ச்மேன் என்பது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் ஏவி நோடு. அவன் விடுபவைதான் கீழறைக்குப் போய், பல்ஸாக உங்கள் மணிக்கட்டில் தட்டுகின்றன. மெட்டோபுரோலால் அவனிடம் "கொஞ்சம் நிறுத்தி விடுப்பா" என்று சொல்லும் மருந்து. அதனால் 120 இருந்தது 70க்கு இறங்கும். தெருவில் கூட்டம் கலைந்ததா இல்லையா என்பதில் அந்த மாத்திரைக்கு அக்கறை இல்லை.

ஆபத்து தெருவில் இருக்கிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தால் ரத்தம் தேங்கி உறையும். முக்கியமாக இடது மேலறையோடு ஒட்டிய ஒரு சின்னப் பை. வால்வு நோய் இல்லாதவர்களுக்கு உறைகட்டி வந்தால் பத்துக்கு ஒன்பது அங்கேதான். அது உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் அப்படி உறையாமல் தடுக்கத்தான் அபிக்ஸபான், நீங்கள் சொல்லும் பிளட் தின்னர் அதுதான். படபடப்பு இருக்கிறதா, இல்லையா, நன்றாகத் தூங்கினீர்களா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே கிடையாது.

பல்ஸ் 70 என்றீர்களே, ஒழுங்கான 70ஆ, தாறுமாறான 70ஆ? விரலை வைத்து முழு நிமிஷம் பாருங்கள். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவது நமக்குச் சரிவராது.

2025 மே 7

காலையில் பார்த்தால் "டாக்டர்கள் பயமுறுத்துவதை அப்படியே ஒப்பிக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி. 2002இல் அஃபர்ம் என்ற பெரிய ஆய்வு வந்தது, 4060 பேர். பாதிப் பேருக்குத் துடிப்பின் ஒழுங்கையே மீட்க மருந்து, மீதிப் பேருக்கு வேகத்தை மட்டும் அடக்க மருந்து. ஒழுங்கை மீட்டவர்களில் பலர், இனிமேல் எதற்கு என்று அந்தக் காலத்து பிளட் தின்னரான வார்ஃபரினை நிறுத்தினார்கள். பக்கவாதம் வந்தவர்களைக் கணக்கெடுத்தால், இரண்டு கூட்டத்திலும் பெரும்பாலானவர்கள் வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது அளவு போதாமல் இருந்தவர்கள். அம்பத்தூர் சாரின் கேள்வியை அவர்கள் ஏற்கெனவே கேட்டுப் பார்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

2025 மே 9

அசதிக்கு வருகிறேன். இதுவரை எழுதியதில் அதை விட்டுவிட்டேன், சாருக்கு முதல் தொல்லையே அதுதான்.

அசதிக்குப் பெரும்பாலும் காரணம் மெட்டோபுரோலால். எனக்கு அது நன்றாகத் தெரிந்த இடம் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டு. முன்பு கையில் காய்கறிப் பையோடு ஒரே மூச்சில் ஏறுவேன். மாத்திரை ஆரம்பித்த பிறகு பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை. கால் மட்டும் வரமாட்டேன் என்றது. பின்னால் வந்த பையன் "ஆன்ட்டி, ஆகாய நடைபாதைப் பக்கம் லிஃப்ட் இருக்கு" என்று வழி சொன்னான். லிஃப்ட் இருப்பது எனக்குத் தெரியாதா. 2023 மே மாதம் திறந்த அன்றைக்கே வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவள் நான்.

விஷயம் இதுதான். ஏறும்போது இதயம் வேகம் கூட்டப் பார்க்கும், மாத்திரை விடாது. தேவைக்கு ரத்தம் வராமல் கால் சோர்ந்துபோகும். சில வாரத்தில் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். எனக்கு முழுசாகப் பழகவில்லை, டாக்டரிடம் சொன்னேன், அளவைப் பாதியாக்கினார். பல்ஸ் உட்கார்ந்திருக்கும்போது 80ஐ ஒட்டி நிற்கிறது, அது போதும் என்றார். சிலருக்கு டில்டியாசெம் மாற்றித் தருவார்கள். எனவே சார், பேரம் பேச வேண்டியது மெட்டோபுரோலாலோடு. அதையும் பட்டென்று நிறுத்தாதீர்கள், பல்ஸ் எகிறும், பிரஷரும் எகிறும். படிப்படியாகத்தான் குறைப்பார்கள். மீதமிருந்த டில்டியாசெம் பெட்டியில் கிடக்கிறதே என்று இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளவும் கூடாது. நாடி 40க்குப் போய் மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

மெட்டோபுரோலால் தினம் ஒரு வேளைதான் என்றால் அது பெரும்பாலும் மெல்லக் கரையும் வகை. கடித்துத் தின்னவோ பொடிக்கவோ கூடாது.

2025 மே 19

கத்திரி. எழுந்தால் கண் இருட்டுகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். வியர்த்துத் தண்ணீர் குறைந்தால் பிரஷர் இறங்கும். மெட்டோபுரோலாலும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்து அதை இன்னும் இறக்கும். கட்டிலிலிருந்து எழுந்தவுடன் நடக்காமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருங்கள். பிளட் தின்னர் போடுகிறவர்கள் தலை அடிபட விழுவது சாதாரணக் கீழே விழுதல் கிடையாது. ரத்தக் கசிவு உள்ளேயே இருக்கலாம். வெளியில் காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இளநீர் குடியுங்கள் என்று ஒருவர் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியிருக்கிறார். ஆளுக்கு ஆள் பார்க்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய. நம் ஊரில் பாதிப் பேர் போடும் டெல்மிசார்டான் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். கிட்னி கொஞ்சம் பலவீனமானவர்கள் அதோடு தினம் இரண்டு இளநீர் அடித்தால் பொட்டாசியம் ஏறி, அதுவே துடிப்பைக் கெடுக்கும். குறைந்தாலும் கெடுக்கும், கூடினாலும் கெடுக்கும். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் பார்த்துவிட்டு இளநீர்க்காரரிடம் போங்கள்.

2025 ஜூன் 2

யாருக்கு பிளட் தின்னர் வேண்டும் என்று டாக்டர் சும்மா தீர்மானிப்பதில்லை, மார்க் போடுகிறார். இதயச் செயலிழப்புக்கு 1, பிரஷருக்கு 1, சுகருக்கு 1, மாரடைப்பு மாதிரி ரத்தக்குழாய் நோய்க்கு 1, வயது 65இலிருந்து 74 வரை 1, 75 ஆகிவிட்டால் 2, ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண்ணாகப் பிறந்ததற்கும் 1 இருந்தது. 2024இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் அந்த ஒன்றை எடுத்துவிட்டது. எனக்கு 3 இருந்தது, 2 ஆயிற்று. வாழ்க்கையில் பெண் என்பதற்காக மார்க் கொடுத்த ஒரே பரீட்சை, அதையும் பிடுங்கிவிட்டார்கள்.

அம்பத்தூர் சாருக்கும் பிரஷர், சுகர் சேர்ந்து 2. இரண்டு என்றால் போடச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கில் பல்ஸுக்கு ஒரு மார்க்கும் கிடையாது, கவனித்தீர்களா?

செலவுக்கு: அபிக்ஸபானை இப்போது பல இந்தியக் கம்பெனிகள் செய்கின்றன, பிராண்டுக்கு பிராண்டு விலை வேறு. டாக்டரிடம் மருந்தின் பொதுப் பெயரை எழுதித் தரச் சொல்லி, ஜன் ஔஷதியிலோ முதல்வர் மருந்தகத்திலோ விசாரியுங்கள். ஒரு வேளை மாத்திரையை விட்டு மிச்சம் பிடிப்பது மட்டும் வேண்டாம். பாதி நாளில் பாதி மருந்து போய்விடும், அதனால்தான் இரண்டு வேளை. மறந்துவிட்டால், அன்றைக்கே நினைவு வந்ததும் போட்டுவிடலாம். அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது.

2025 ஜூன் 3

சார் எழுதியிருக்கிறார்: "மார்க் 2, பாஸா ஃபெயிலா?"

கம்பார்ட்மென்ட்டல்.

2025 ஜூன் 21

கனவு பற்றிக் கேட்ட குரோம்பேட்டை அம்மாவுக்கு. வரும். மெட்டோபுரோலால் மூளைக்குள்ளும் போகக்கூடியது. எனக்கு ஒரு காலம் இரவெல்லாம் ஆபீஸ்தான், கணக்கு டேலி ஆகாமல் மேனேஜர் மேஜைக்கு மேல் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். இரவில் போட்ட மாத்திரையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார் டாக்டர், குறைந்தது. இவ்வளவு நிறத்தோடு நான் இளம் வயதில்கூடக் கனவு கண்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2025 ஜூலை 13

ஓஎம்ஆர் தம்பிக்குத் தனியாக. உனக்கு 29 வயது. "நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போகிறது, அப்புறம் தூக்கிப்போடுகிறது" என்கிறாய். நாள் முழுக்க ஈசிஜி பதியும் ஹோல்டரில் எக்டோபிக் என்று வந்திருக்கிறது, இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ நார்மல். அது ஃபிப்ரிலேஷன் கிடையாது. துடிப்பு விட்டுப்போகவும் இல்லை, ஒன்று முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. முந்தி வந்ததில் ரத்தம் போதாததால் கையில் தட்டாது. அதற்குப் பிறகு ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் இதயம் நன்றாக நிரம்பும், அடுத்தது ஓங்கி அடிக்கும். நீ பயப்படுவது அந்த ஓங்கி அடிப்பதற்கு. எக்கோ சரியாக இருப்பவர்களுக்கு எப்போதாவது வரும் எக்டோபிக் பெரும்பாலும் ஆபத்தில்லை. மயக்கம் வந்தாலோ, ஓடும்போது அதிகமானாலோ, வீட்டில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள் இருந்தாலோ கதை வேறு. உடனே போய்க் காட்டு. ராத்திரி இரண்டு மணி ஷிஃப்ட், எனர்ஜி டிரிங்க் இரண்டையும் நீயே எழுதியிருக்கிறாய், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

கைக்கடிகாரம் வேறு. மகன் எனக்கும் ஒன்று வாங்கி வந்தான். ஆப்பிள் கடிகாரத்தை வைத்து 2019இல் ஒரு ஆய்வு வெளியானது, 4,19,297 பேர். எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம். அவர்களில் நெஞ்சில் ஒட்டும் பட்டையை மாட்டித் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்கு ஃபிப்ரிலேஷன் பதிவானது. வந்து வந்து போகும் வியாதி என்பதால் மீதிப் பேருக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லமுடியாது. எனக்கு அந்தக் கடிகாரம் சொல்லித் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. எனக்கு இருப்பது ஏற்கெனவே தெரியும். தினம் இருபது தடவை பார்த்துப் பார்த்துப் படபடப்பு வந்ததுதான் மிச்சம். இப்போது மணி பார்க்கிறேன்.

2025 ஜூலை 14

ஹோல்டர் என்றதும் சிலர் பயந்துவிட்டீர்கள். வலியெல்லாம் இல்லை. சென்னையில் இருக்கும் ஒரே சிக்கல் வியர்வை. நெஞ்சில் ஒட்டும் வட்டப் பட்டைகள் மத்தியானம் ஆனால் ஓரம் பிரிந்து புடவையோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்று கழன்றால் அந்த நேரத்துப் பதிவு வெறும் கிறுக்கல். கிளினிக்கில் கேட்டால் மேலே ஒட்ட பிளாஸ்திரி தருவார்கள். பவுடர், எண்ணெய் எதுவும் பூசாமல் போங்கள். ஒரு சின்னத் தாளில் எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள், எப்போது படபடத்தது என்று எழுதுங்கள். அந்தத் தாள் இல்லாத ஹோல்டர் பாதி ஹோல்டர்.

வீட்டு பிரஷர் மெஷினும் நமக்கு ஒரு தடவைக்கு ஒரு எண் காட்டும். துடிப்புக்குத் துடிப்பு அழுத்தம் மாறுவதால் அப்படி. மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். 160 என்று ஒரு தடவை பார்த்துவிட்டு ஆட்டோ பிடிக்க வேண்டாம்.

2025 ஆகஸ்ட் 17

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளத்துப் பெரியவர் ஒருவர். ஃபிப்ரிலேஷன்தான். கோயில் யாத்திரை போகும்போது பையில் மாத்திரை எடுக்க மறந்து, திரும்பி வந்தும் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று ஆரம்பிக்காமலே விட்டிருக்கிறார். போன வாரம் காலையில் காபி குடிக்கும்போது டம்ளர் வாயில் இருக்க, காபி இடது ஓரமாக வழிந்து சட்டையில் இறங்கியது. அவருக்கே தெரியவில்லை. மனைவி துடைத்துவிட்டு, "என்ன, வாய் கோணுது?" என்று கேட்டிருக்கிறார். பதில் குழறியது. மருமகள் 108க்குப் போன் செய்தார்.

வாய் கோணல், ஒரு கை தொங்குதல், பேச்சுக் குழறல். மூன்றில் ஒன்று போதும். உறைகட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள். பிளட் தின்னர் போடுகிறவர் என்றால் கடைசி மாத்திரை எப்போது போட்டார் என்பதை முதல் கேள்வியாகக் கேட்பார்கள், ஊசி போடலாமா என்பதே அதைப் பொறுத்தது. வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். நான் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், மருந்து, அளவு, நேரம்.

பெரியவர் பேசுகிறார். கை இன்னும் சரியாகவில்லை.

2025 ஆகஸ்ட் 30

தாம்பரத்திலிருந்து ஒரு பெண்: அம்மாவுக்குச் சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல், வால்வு சுருங்கியிருக்கிறது, ஃபிப்ரிலேஷன், அசிட்ரோம் என்ற பிளட் தின்னர் போடுகிறார். மாதாமாதம் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்ப்பதற்கு அலைய முடியவில்லை, மேலே எல்லோரும் போடும் அபிக்ஸபானுக்கு மாறலாமா?

மாறாதீர்கள் அம்மா, தயவுசெய்து. இங்கே நாங்கள் பேசுவது எல்லாம் வால்வு சுருக்கம் இல்லாதவர்களுக்கு. ருமாட்டிக் வால்வு நோயோடு ஃபிப்ரிலேஷன் இருப்பவர்களை வைத்து இன்விக்டஸ் என்று ஒரு ஆய்வு, 2022. புதிய வகையான ரிவராக்ஸபானும் பழைய வார்ஃபரின் வகையும் மோதின. பழையதுதான் ஜெயித்தது, இறப்பும் அதில்தான் குறைவு. செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழையதுதான். அசிட்ரோம் அந்தப் பழைய குடும்பம்.

ஐஎன்ஆர் சாதாரணமாக 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும், வால்வைப் பொறுத்து டாக்டர் வேறு எண் சொல்லலாம். கீரையே கூடாது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்களாம். கீரையில் வைட்டமின் கே உண்டு, மருந்துக்கு எதிர்வேலை செய்யும், உண்மைதான். அதற்காக ஒரேயடியாக விட வேண்டியதில்லை. வாரத்துக்கு எவ்வளவு வழக்கமோ அவ்வளவே எப்போதும் சாப்பிட்டால், மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துவிடுவார்கள். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, முருங்கைக்கீரை மலிவாய்க் கிடைத்ததென்று நாலு நாள் தொடர்ந்து பொரியல் செய்தால்தான் ஐஎன்ஆர் ஆட்டம் காணும். அபிக்ஸபான் ஆட்களுக்குக் கீரைக் கட்டுப்பாடு இல்லை.

2025 செப்டம்பர் 20

நாத்தனார் வீட்டுக்காரருக்கு அமியோடரோன். துடிப்பின் ஒழுங்கையே மீட்பதில் கெட்டிக்கார மருந்து, இதயம் பலவீனமானவர்களுக்கும் கொடுக்கக்கூடியது. தொல்லையிலும் கெட்டிக்காரன். 200 மி.கி. மாத்திரை ஒன்றில் 75 மி.கி. அயோடின். மனிதனுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். அவ்வளவும் உடம்பில் இறங்குவதில்லை, பத்தில் ஒரு பங்குதான் பிரியும், அதுவே தேவைக்குப் பல மடங்கு. தைராய்டு ஏறலாம், இறங்கலாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் ஈரலும் பார்க்க வேண்டும். வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் வந்தால் நுரையீரலையும் பார்க்க வேண்டும். வெயிலில் தோல் எரியும். இந்த ஊரில் வெயிலைத் தவிர் என்று சொல்வது லேசு. மனிதர் இப்போது முழுக்கைச் சட்டை, குடை சகிதம் பால் வாங்கப் போகிறார்.

அவர் அசிட்ரோமும் போடுகிறவர். அமியோடரோன் சேர்ந்தால் ஐஎன்ஆர் ஏறும், அசிட்ரோமைக் குறைக்க வேண்டும். புதிதாக எழுதிக்கொடுத்த இடத்தில் அதைச் சொல்லவில்லை. பல் தேய்க்கும்போது ரத்தம் நிற்காமல் வந்த பிறகு தெரிந்தது. நிறுத்தினாலும் இந்த மருந்து உடம்பை விட்டுப் பாதி போகவே சராசரியாக இரண்டு மாதம் ஆகும். வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்ப மனசில்லாத விருந்தாளி.

2025 செப்டம்பர் 21

"அப்படியென்றால் ஒழுங்கை மீட்காமல் வேகத்தை மட்டும் அடக்கினால் போதாதா?" மேலே சொன்ன 2002 ஆய்வைப் படித்தால், வேகத்தை அடக்கினாலே போதும் என்றுதான் தோன்றும். 2020இல் ஈஸ்ட் என்ற ஐரோப்பிய ஆய்வு வந்தது. கண்டுபிடித்து ஒரு வருஷத்துக்குள் ஒழுங்கை மீட்க ஆரம்பித்தவர்களுக்குப் பக்கவாதம், இதயக் கோளாறால் இறப்பு போன்றவை குறைந்தன. ஆகவே பிப்ரவரியில்தான் கண்டுபிடித்த அம்பத்தூர் சார் இதை டாக்டரிடம் கேட்கலாம். நான் பழைய கேஸ். அந்த ஆய்விலும் பெரும்பாலானவர்கள் பிளட் தின்னரை விடவில்லை.

2025 அக்டோபர் 19

மழை ஆரம்பித்துவிட்டது. பிளட் தின்னரில் டபிகட்ரான் கேப்சூல் போடுகிறவர்கள் யாராவது? திங்கள், செவ்வாய் என்று அறை பிரித்த டப்பாவில் அதைப் போட்டு வைக்காதீர்கள். ஈரத்தில் வீரியம் போய்விடும். வந்த அட்டையிலேயே, வந்த பாட்டிலிலேயே இருக்க வேண்டும். கேப்சூலைத் திறந்து பொடியாகவும் கொடுக்கக்கூடாது. அபிக்ஸபானுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, விழுங்க முடியாதவர்களுக்குப் பொடித்துக்கூடக் கொடுக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் என் தங்கை வீட்டைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர். மருந்துக் கடைக்கும் போக முடியவில்லை, கடையும் திறக்கவில்லை. அவளுடைய மாமியாருக்கு அட்டையில் இரண்டே மாத்திரை. படகில் வந்தவர்களிடம் சீட்டைக் கொடுத்து வாங்கினார்கள். அக்டோபர் பிறந்தால் நான் கூடுதலாக இரண்டு அட்டை வாங்கி மேல் அலமாரியில் வைத்துவிடுகிறேன், பால் பவுடர், மெழுகுவர்த்தியோடு.

2025 நவம்பர் 2

பல் பிடுங்கினேன். பல் டாக்டர் "ஐந்து நாள் பிளட் தின்னரை நிறுத்திவிட்டு வாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். ஐந்து நாள் என்பது வார்ஃபரின் காலத்துக் கணக்கு. கார்டியாலஜிஸ்ட் அன்று காலை ஒரு வேளையை மட்டும் தள்ளிப்போடச் சொன்னார். இரண்டு டாக்டரையும் போனில் பேசவைத்துவிட்டு நான் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருந்தேன். பஞ்சைக் கடித்தபடி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம், அவ்வளவுதான்.

வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதியிருந்தார்கள், பாரசிட்டமாலாக மாற்றிக்கொண்டேன். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எல்லாம் பிளட் தின்னரோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். சளி மாத்திரைகளில் மூக்கடைப்பை எடுக்கும் ஃபினைலெஃப்ரின் வகையறா படபடப்பைக் கிளப்பும், கவர் பின்னால் படியுங்கள். அதிமதுரம் நாட்டு மருந்துதானே என்று மழைக்கால இருமலுக்கு வாயில் அடக்கிக்கொண்டே இருக்காதீர்கள். நாள்கணக்கில் சாப்பிட்டால் பொட்டாசியத்தை இறக்கும், பிரஷரை ஏற்றும். துடிப்பின் வேகத்தை அடக்க டைகாக்சின் என்ற மருந்து போடுகிறவர்களுக்கு அது மிகவும் ஆபத்து.

2025 நவம்பர் 16

காபி! இந்த மாதம்தான் ஆய்வு வந்திருக்கிறது. ஷாக் கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவந்த 200 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைத் தினம் ஒரு கப்பாவது காபி குடிக்கச் சொன்னார்கள், பாதிப் பேரை நிறுத்தச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் ஃபிப்ரிலேஷன் திரும்பியது, குடித்தவர்களுக்குத்தான் குறைவு.

காபியை நிறுத்து என்று என்னை வருஷக்கணக்கில் நச்சரித்த மனிதர் இந்த வீட்டிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "200 பேர்தானே" என்கிறார். சின்ன ஆய்வு என்பது நியாயம். குடித்தால் தனக்குப் படபடக்கிறது என்று தெரிந்தவர்கள் விட்டுவிடலாம். எனக்குப் படபடப்பது வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இடதுபக்கம் படுத்தால்.

மது பற்றிக் கேட்டவருக்கு: அதற்கு இந்தச் சலுகை கிடையாது. விடுமுறை நாள் குடிக்குப் பின் துடிப்பு கெடுவதை 1978லேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

2025 டிசம்பர் 7

அம்பத்தூர் சார் விடுவதாயில்லை. இந்த வருஷம் வந்த கொரிய ஆய்வு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். அப்லேஷன் செய்துகொண்ட 840 பேர். பிளட் தின்னரை நிறுத்தியவர்களுக்குப் பக்கவாதம் கூடவில்லை, ரத்தக் கசிவு குறைந்தது. "இப்போது என்ன சொல்கிறீர்கள்?"

நல்ல ஆய்வு, இரண்டு தடவை படித்தேன். இவர்கள் நுரையீரல் சிரைகளைச் சுற்றிச் சுட்டு, தாறுமாறான துடிப்பு கிளம்பும் இடத்தையே அடைத்தவர்கள், அப்லேஷன் என்பது அதுதான். அதன் பிறகு குறைந்தது ஒரு வருஷம் ஃபிப்ரிலேஷன் திரும்பவில்லை என்று கண்காணித்து உறுதி செய்தவர்கள். என் தெருக் கதைப்படி கூட்டமே கலைந்துவிட்டதா என்று தெருவில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு நிறுத்தலாமா என்பது டாக்டரோடு உட்கார்ந்து பேசக்கூடிய கேள்வி ஆகியிருக்கிறது, அதை ஏற்கிறேன். மார்க் மட்டுமே எல்லாம் என்று ஜூனில் தொனித்திருந்தால் இதையும் சேர்த்துப் படியுங்கள். ஆனால் சாருக்கு அப்லேஷன் நடக்கவில்லை. மாத்திரையால் பல்ஸ் 70. அது இவர்கள் சொல்லும் கணக்கில் வராது.

மெட்டோபுரோலால் 25 ஆகிவிட்டதாம், மாடி ஏறுகிறாராம். அதை ஏன் கடைசி வரியில் எழுதுகிறார் என்று தெரியவில்லை.

2025 டிசம்பர் 27

30ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி. ரிவராக்ஸபான் போடுகிறவர்கள் கவனிக்கவும். 15, 20 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் 20 மி.கி. போட்டால் மூன்றில் இரண்டு பங்குதான் உடம்பில் சேரும். முழுப் பட்டினி கிடந்து தண்ணீரோடு விழுங்கினால் பாதுகாப்பு குறைந்துவிடும், அதற்காக அன்றைக்கு மாத்திரையையே விடுவது அதைவிடத் தப்பு. திருவல்லிக்கேணி மாமி ஒருவர் பால், பழம் போதுமா என்று கேட்கிறார். எவ்வளவு பால் என்பதைப் பொறுத்தது, உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், 30ஆம் தேதி விடிகாலை வரிசையில் நின்றுகொண்டு கேட்காதீர்கள். சுகர் மாத்திரையும் போடுகிறவர் என்றால் பட்டினியே வேண்டாம். அபிக்ஸபானுக்குச் சாப்பாடு ஒரு பொருட்டில்லை, வழக்கமான நேரத்துக்குப் போட்டுவிட்டு உபவாசம் இருக்கலாம்.

கண் விழிக்கிறவர்களுக்கு இன்னொன்று. தூக்கம் கெட்டால் மறுநாள் படபடப்பு வரும் என்பது என் அனுபவம். நான் பத்து மணிக்குப் படுத்துவிடுவேன்.